கடைசிப் பத்தியில் ஒரு தார்ச்சாலை

மனு எழுதுவது ஒரு தொழில் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். இரண்டாயிரங்களின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் நான் வைத்திருந்த கடைக்கு வந்தவர்கள் யாரும் சிரித்ததில்லை. தாலுகா ஆபீசுக்கு எதிர் வரிசையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு நான். பட்டா மாற்றம், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் என்று ஜனங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் இரண்டு மணி நேரம் சொல்வதை அரைப் பக்கத்தில் அடக்கி, மேலே 'பொருள்' போட்டு, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டுத் தருவேன். இந்தப் பெண் எழுதிக் கொடுத்தால் காரியம் நடக்கும் என்று வட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

என் தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். எந்த அதிகாரியும் மனுவை முழுக்கப் படிக்க மாட்டார். 'பொருள்' வரியைப் பார்ப்பார், அங்கிருந்து நேராகக் கடைசிப் பத்திக்கு இறங்கிவிடுவார். நடுவில் உங்கள் வீடு பற்றி எரிந்தாலும் அவருக்குப் புகை தெரியாது. ஆகவே, வேண்டியதைக் கடைசிப் பத்தியில் கேட்க வேண்டும். கேட்பது குறிப்பாக இருக்க வேண்டும். எதுவும் கேட்காத மனு, முகவரி எழுதாத தபால். இதைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் பாடம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் புகுந்த ஊர் கடையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். மாமனாருக்கு ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நஞ்சை. ஊரில் பாதிப் பேருக்கு அப்படி அரையோ ஒன்றோ இருந்தது. எங்கள் ஏரிக்கு ஆறு கிடையாது, ஊற்று கிடையாது. மேற்கே மேட்டுக்காட்டில் பெய்கிற மழையை ஒரே ஒரு வரத்துக் கால்வாய் கொண்டுவந்து சேர்க்கும். கால்வாய் இருந்தால்தான் ஏரி, ஏரி இருந்தால்தான் நெல். கால்வாய் போனால் ஏரி என்பது கரை கட்டிய பெரிய பள்ளம். இதைச் சொல்லித்தர ஊரில் யாரும் தேவையில்லை, மாட்டுக்கே தெரியும்.

கால்வாயை ஒட்டி ஒரு மண் பாதை இருந்தது. மேட்டுக்காடு வழியாகப் பெரிய ரோட்டுக்குப் போக எங்களுக்கு அது ஒன்றுதான் வழி. ஐப்பசி பிறந்தால் அது பாதை இல்லை, சேற்றுக் குழம்பு. என் ஸ்கூட்டி அதில் சிக்காத மழைக்காலம் கிடையாது. புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு வண்டியைத் தள்ளும்போது, அந்தப் பாதையையும் அந்த ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்த என் அப்பாவையும் சேர்த்துத் திட்டுவேன். என் கணவர் தொழிற்பேட்டையில் இரும்புப் பட்டறை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். "நாடு முழுக்க ரோடு போட கம்பி உருட்டிக் குடுக்கிறேன், எனக்கு ஒரு ரோடு இல்ல" என்பார். சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்.

அந்த மேட்டுக்காட்டில்தான் ரசாயன ஆலை ஒன்று வரப்போகிறது என்றார்கள். அதன் இடத்துக்கு நட்டநடுவில் எங்கள் வரத்துக் கால்வாய் ஓடியது.

சேதி எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஆலைக்காக அறிக்கை தயாரித்த சென்னைப் பையன் ஒருவன் ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கே வந்தான். பையன் என்றால் இருபத்தைந்து இருபத்தாறு வயது ஆலோசகர். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் லேப்டாப் பை. நல்ல பிள்ளை, வார்த்தைக்கு வார்த்தை மேடம் போட்டான். பெரிய அறிக்கை இங்கிலீஷில் செங்கல் கனத்துக்கு இருந்தது. அதைப் பஞ்சாயத்து ஆபீசில் வைத்துவிட்டதாகவும், சட்டப்படி அதன் சுருக்கம் மட்டும் தமிழில் தர வேண்டும் என்றும் சொன்னான். சட்டம் நல்ல சட்டம்தான். ஆலை வருவதற்கு முன் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், முப்பது நாள் முன்னால் அறிவிக்க வேண்டும், மக்கள் பாஷையில் சொல்ல வேண்டும், மக்களைப் பேசவிட வேண்டும், பேசியதை எழுதி அங்கேயே படித்துக் காட்ட வேண்டும். நம் வீட்டுக் கல்யாணங்களில்கூட பெண்ணிடம் இவ்வளவு கேட்பதில்லை.

சுருக்கத்தைப் புரட்டினேன். 'திட்ட வளாகத்தின் குறுக்கே பருவகால ஓடை ஒன்றின் தடம் காணப்படுகிறது. ஆய்வுக் காலத்தில் நீரோட்டம் ஏதும் இல்லை' என்று போட்டிருந்தது. ஆய்வுக் காலம் எது என்று பார்த்தேன். பங்குனி, சித்திரை, வைகாசி. வைகாசியில் எங்கள் கால்வாயில் ஆடுதான் ஓடும்.

"இது ஓடை இல்ல தம்பி, எங்க ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வாய்" என்றேன்.

"அப்படியா மேடம்? கூட்டத்துல சொல்லுங்க. கண்டிப்பா ரெக்கார்ட் பண்ணுவாங்க" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே நம்பிச் சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவன் தமிழில் இருந்த பிழைகளையும் திருத்திக் கொடுத்தேன். பிழையோடு ஒரு காகிதம் என் கடையை விட்டுப் போனது என்ற பேச்சு வரக் கூடாது அல்லவா? ஒரு பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மாமனாரிடம் படித்துக் காட்டினேன்.

"கால்வாய மூடிட்டா ஏரிக்கு எங்கேர்ந்து தண்ணி வரும்? வானத்துலேர்ந்து நேரா ஏரிக்குள்ள வந்து வுழுமா?" என்று கேட்டார் அவர். சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார். "எழுதும்மா. ஒரு மனு பத்தாது. ஊடு ஊட்டுக்கு ஒண்ணு எழுது. இத்த உடக் கூடாது."

மறுநாள் சாயங்காலம் ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. கால்வாயை மூடக் கூடாது என்பதில் இரண்டு பேச்சு இல்லை. அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் தர்க்கம் வந்தது.

"வோணாம் வோணாம்னு மட்டும் எழுதிக் குடுத்தா நல்லா இருக்குமா? கூட்டத்துக்குப் பெரிய ஆபீசரு வர்றாரு. சண்டைக்கார ஊருன்னு பேஜாராயிடுவாரு" என்றார் ஒருவர்.

"அவுரு நம்ம ஊருக்கு வர்றதே ஒரு தபாதான். வந்தவரு கையில ரோட்டுக்கும் சேத்து ஒரு மனுவா குடுத்துட்டா, ஒரே வேலையா பூடும்" என்றார் இன்னொருவர்.

யாரும் மறுக்கவில்லை. எங்கள் பக்கம் அதிகாரி ஒருவர் ஊருக்குள் வந்தால் அது மனு நாள்தான். அவர் எதற்காக வந்தார் என்பது அவருடைய கவலை. வருகிறவரிடம் எதுவும் கேட்காமல் அனுப்புவது விருந்தாளிக்கு இலை போடாமல் அனுப்புவது போல, இரண்டு பக்கத்துக்கும் மரியாதை இல்லை. நானும் மறுக்கவில்லை. மறுக்கவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதிப் பொய். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தச் சேறும், புடவையும், ஸ்கூட்டியும் என் கண் முன்னால் வந்தன.

மறுநாள் கடையில் உட்கார்ந்து ஒரு மனு அடித்தேன். நடுவில் இரண்டு பத்தி முழுக்க வரத்துக் கால்வாய். அதன் நீளம், அதை நம்பி நடக்கும் பாசனம், அதை மூடினால் எங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்றெல்லாம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பிறகு, பழகிய கை தானாகக் கடைசிப் பத்திக்குப் போனது. 'எனவே, ஐயா அவர்கள் கருணைகூர்ந்து மேற்படி கால்வாயைப் பாதுகாப்பதுடன், ஆலை வளாகத்திலிருந்து எங்கள் ஊர்வரை தரமான தார்ச்சாலை அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' பெயரையும் கதவு எண்ணையும் மாற்றி மாற்றி அறுபத்து நான்கு மனு எடுத்தேன். ஊர்க் காரியம் என்பதால் காகிதத்துக்குக்கூட யாரிடமும் கேட்கவில்லை.

கூட்டத்துக்கு அந்த மேட்டுக்காட்டிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். கால்வாய்க்கு இந்தப் பக்கம் மேடை, அந்தப் பக்கம் சமையல். காலையிலேயே வெயில் கொளுத்தியது. வந்தவர்களுக்கெல்லாம் மிக்சர் பொட்டலமும் தண்ணீர் பாக்கெட்டும் கொடுத்தார்கள். ஐந்து வயது மகளை வீட்டில் விட ஆள் இல்லாமல் நான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் மிக்சரில் இருந்த கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு என் மடியில் தூங்கிப்போனாள்.

ஆலோசகர் பையன் திரையில் படம் காட்டினான். வெயிலில் திரை வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆலையின் பெரிய அதிகாரி ஒருவர் மைக்கைப் பிடித்தார். இன்றைய தேவையை நிறைவேற்றும்போது வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குறை வைக்காத வளர்ச்சிதான் தங்கள் கொள்கை என்றார். வருங்காலத் தலைமுறை எங்கே என்று கண்ணால் தேடி, என் மடியில் தூங்கிய மகளைக் கண்டுபிடித்துக் கையை நீட்டினார். "இதோ, இந்தக் குழந்தைக்காகத்தான் இவ்வளவும்!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கை தட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

பிறகு, மக்கள் பேசலாம் என்றார் தலைமை வகித்த அதிகாரி. முதலில் பேசியவர் ரேஷன் கடையில் எடை குறைகிறது என்றார். இரண்டாமவர் காலை எட்டு மணிக்கு ஒரு பஸ் வேண்டும் என்றார். அடுத்தவர் சுடுகாட்டுக்கு விளக்கு. ஆலை சார்பில் ஒருவர் ஒவ்வொன்றுக்கும் எழுந்து, பரிசீலிக்கிறோம், செய்து தருகிறோம் என்று சொல்லச் சொல்ல, கேட்பவர்களுக்கு வாய் ருசி கண்டுவிட்டது. கோயில் மதில்வரை போனது.

என் மாமனார் ஒரு வாரமாகக் கொல்லைப்பக்கம் நின்று பேசிப் பழகியிருந்தார். மைக்கைக் கையில் வாங்கியதும் கும்பிட்டார். எடுத்த எடுப்பில் ஆகாது என்று சொல்வது நாகரிகம் இல்லை என்பது அவர் கணக்கு. முதலில் சின்னதாக ஏதாவது கேட்டு, பேச்சைச் சூடாக்கிக்கொண்டு, பிறகு பெரிய விஷயத்துக்கு வருவது. அதனால் மோட்டாருக்குக் கரண்ட் குறைவாக வருவதிலிருந்து ஆரம்பித்தார். டிரான்ஸ்பார்மர் எந்த வருஷம் வெடித்தது, யார் யார் வந்து பார்த்தார்கள், யார் வரவில்லை என்று விவரித்தார். "அப்பாலிக்கா சார், அந்தக் கால்வா..." என்று அவர் தொடங்கும்போது அடுத்தவருக்கு மைக் போய்விட்டது.

"கால்வாய் தூர் வாரணும், அவ்வளவுதானே பெரியவரே? குறிச்சுக்கோங்க" என்றார் அதிகாரி, பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரிடம். மாமனார் நின்றபடியே கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு நேராகப் பேசியவர் ஒரே ஒருவர்தான். பழவேற்காட்டிலிருந்து வந்த இறால் வியாபாரி ஒருவர், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. "நான் ஒண்ணும் கேக்க வரல சார்" என்றார். "இங்க மூடுற தண்ணி அங்க எங்க காயலுக்கு வர்ற தண்ணி. இங்க உடுற கழிவும் அங்கதான் வரும். இந்த எடத்துல இந்தக் கம்பெனி வோணாம். அவ்ளோதான்." பிறகு, எங்கள் ஊர்க்காரர்களே கத்தினார்கள்.

"பாய், நீ இந்த ஊரா? நாங்க கேட்டுகினு இருக்கிறது கெட்டுப் பூடும், குந்து!"

அவர் உட்காரவில்லை. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். கத்தியவர்களில் நான் இல்லை. கத்தாதே என்று சொன்னவர்களிலும் இல்லை.

நான் போய் அறுபத்து நான்கு மனுவையும் அதிகாரி கையில் கொடுத்தேன். அவர் மேலே இருந்ததை எடுத்தார். கண் 'பொருள்' வரியில் ஒரு கணம் நின்றது, அங்கிருந்து நேராகக் கடைசிப் பத்திக்கு இறங்கியது. "வெரி குட். நியாயமான கோரிக்கை" என்றார். என் தொழில் பலித்தது என்று நினைத்துக்கொண்டேன். கூட்ட நடவடிக்கையைச் சட்டப்படி அங்கேயே படித்துக் காட்டினார்கள். அதே நேரத்தில் பிரியாணி வண்டியும் வந்தது. நான் எங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள். மகளுக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் வாங்கினேன்.

அந்த நடவடிக்கைக் குறிப்பை நான் படித்தது ஒரு மாதம் கழித்து, பஞ்சாயத்து எழுத்தர் அதை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குக் கொண்டுவந்தபோது. மிஷின் மூடியைத் திறந்தபடி நின்றுகொண்டே படித்தேன். மக்கள் கருத்து என்று ஒரு பட்டியல். பஸ், விளக்கு, மதில், டிரான்ஸ்பார்மர், கால்வாய் தூர் வாருதல். எதிர்ப்புக்கு நேராக, 'வெளியூர் நபர் ஒருவர்' என்று இருந்தது. கடைசியில் எங்கள் மனுக்கள். 'ஒரே மாதிரியான மனுக்கள் பெறப்பட்டன. ஆலையிலிருந்து ஊர்வரை தார்ச்சாலை கோரப்பட்டுள்ளது. நிறுவனம் ஏற்றுக்கொண்டது.' அறுபத்து நான்கும் ஒரே வரியாகிவிட்டது. கால்வாய் பற்றிய இரண்டு பத்தியையும் யாரும் தொடவில்லை. என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொன்ன பாடத்தை அரசாங்கமும் ஒழுங்காகப் படித்திருந்தது.

அன்றைக்கே கடையைப் பூட்டிக்கொண்டு பொன்னேரியில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் மனுவின் நகலை எடுத்துக்கொண்டு போனேன். அவர் நிதானமாக முழுக்கப் படித்தார். என் மனு ஒன்றை முழுக்கப் படித்த ஒரே மனிதர் அவர்தான்.

"நடுவுல நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா ஆலையே வேணாங்கிறவங்க, ஆலையிலேர்ந்து ரோடு போடுன்னு கேப்பாங்களா? எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இந்தக் கடைசிப் பத்தி போதும்" என்றார். ஆலைக்கு அனுமதி வந்தால் அதை எதிர்த்து அப்பீல் செய்யக் கெடு இருப்பதையும், அதற்குள் ஊர்க்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் முயன்று பார்க்கலாம் என்பதையும் சொன்னார்.

ஊரில் கேட்டேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. "ரோடு போட அளந்துகினு இருக்காங்களேம்மா, அது முடியட்டும். அப்பால பாத்துக்கலாம்" என்றார்கள். மாமனார் மட்டும் கையெழுத்துப் போட்டார். ஆலைக்கு அனுமதி வந்தது, அந்தக் காகிதத்தில் ஒரு கையெழுத்தோடு கெடு முடிந்தது.

வாக்குக் கொடுத்ததில் ஆலை முதலில் செய்தது எங்கள் சாலையைத்தான். மண் பாதை அகலம் போதாது என்று அதை ஒட்டிய புறம்போக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒட்டிய புறம்போக்கு என்றால் வேறு எது? வரத்துக் கால்வாய்தான். லாரி லாரியாகக் கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டி, தார் ஊற்றினார்கள். நான் ஓடிப்போய் இன்ஜினியரிடம் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாக ஒரு ஃபைலைப் பிரித்துக் காட்டினார். உள்ளே என் மனு இருந்தது.

"நீங்கதானே மேடம் கேட்டீங்க? தண்ணிக்குக் குழாய் வெச்சிருக்கோமே" என்றார். தொடை பருமன் உள்ள ஒரு குழாய் வைத்திருந்தார்கள். முதல் மழையிலேயே அதை மண் அடைத்தது.

பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஊர் அந்தச் சாலையைத் திறந்து வைத்தது. நானும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அந்த வருஷம் ஏரியில் முழங்கால் தண்ணீர். அடுத்த வருஷம் நல்ல மழைதான், ஆனால் தண்ணீர் சாலைக்கு மேற்கே நின்று குட்டையாகி வற்றியது. ஏரிக்கு வரவில்லை. மாமனார் நாற்று விடுவதை நிறுத்தினார், ஒரு போகம் கேழ்வரகு போட்டுப் பார்த்தார், பிறகு நிலத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். என்னை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை. சாதத்தைப் பிசையும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது, இப்போதும் நினைத்தால் கூசுகிறது. அதைவிடக் கூசுவது இன்னொன்று. அந்தச் சாலை எனக்குப் பிடித்திருந்தது. பதினைந்து நிமிஷத்தில் கடை. புடவையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

மகளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு கார்த்திகை மாதம், மழை விட்ட காலையில் ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் கூட்டிப் போனேன். ஏரிக்கரை ஓரம் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளைத் தட்டினாள்.

"ஏம்மா, இவ்ளோ மழை பேஞ்சும் ஏரியில தண்ணியே இல்ல. தண்ணியே வராத எடத்துல போயி எதுக்கும்மா ஏரி வெட்டினாங்க?"

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

"அந்தக் காலத்து ஆளுங்களுக்கு அறிவே கெடையாது, இல்ல?" என்றாள்.

வண்டியை நிறுத்தி, இறங்கி, காலுக்குக் கீழே இருக்கும் தாரைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூட மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

"ஆமாண்டி" என்றேன். "பாவம், அவங்களுக்கு அறிவு இல்ல."

அவள் சிரித்துவிட்டு என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சாலையில் பள்ளம் மேடு ஒன்றும் இல்லை. சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம்.